வளைந்த கால், அவரை விதை எலும்பு, அம்மாவின் முட்டி

கேள்வி:
டாக்டர், எனக்கு 47 வயது. அரசுப் பள்ளி ஆசிரியை. உயரம் 155 செ.மீ., எடை 74 கிலோ. அம்மாவுக்கு 64 வயதில் இரண்டு முட்டியையும் மாற்றினோம். அம்மாவுக்குக் கால் வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருக்கும், எனக்கும் அப்படித்தான். ஆறு மாதமாக மாடிப்படி இறங்கும்போதும், கோலம் போட்டுவிட்டு எழும்போதும் வலது முட்டியின் உள்பக்கம் சுருக்கென்கிறது. எக்ஸ்ரே எடுத்தேன். ‘உள்பக்க மூட்டு இடைவெளி லேசாகக் குறைந்துள்ளது, ஃபேபெல்லா காணப்படுகிறது’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எலும்பு ஒன்று கூடுதலாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. என் கால் அமைப்பே இப்படியென்றால் நானும் அம்மா வழிதானா? மகளுக்கு 12 வயது, அவளுக்கும் என் கால்தான். அவளுக்காவது இப்போதே ஏதாவது செய்துவிட முடியுமா?
(பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்:
சகோதரிக்கு,

தூக்கத்தைக் கெடுத்தது அந்த ஃபேபெல்லாதான் என்று தெரிகிறது. அதை முதலில் முடித்துவிடுவோம். முழங்காலின் பின்பக்கம், கெண்டைக்கால் தசை தொடை எலும்பில் போய் ஒட்டும் இடத்தில், தசைநாருக்குள் பதிந்து கிடக்கும் சின்ன எலும்பு அது. லத்தீன் மொழியில் ‘குட்டி அவரை’ என்று அர்த்தம். அளவும் அவ்வளவுதான். சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. நேற்று முளைத்த எலும்பும் இல்லை; அநேகமாக நீங்கள் கல்லூரிக்குப் போன காலத்திலேயே அது அங்கே இருந்திருக்கும்.

அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 27 நாடுகளைச் சேர்ந்த 21,000-க்கும் மேற்பட்ட முட்டிகளின் பதிவுகளைத் தேடி எடுத்து, 2019-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1918-ல் உலக மக்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு இருந்த ஃபேபெல்லா, 2018-ல் 39 சதவீதம் பேருக்கு இருக்கிறது. சாப்பாடு நன்றாகி, ஆட்கள் உயரமாகி, எடை கூடி, தசை இழுக்கும் இழுப்பும் கூடியதால் இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் இந்த எலும்பு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு என்பதும் உண்மைதான். ஆனால் அவரை விதைதான் முட்டியைத் தேய்த்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. உங்கள் வலி முட்டியின் உள்பக்கம். ஃபேபெல்லா இருப்பது பின்பக்கம், அதுவும் வெளிப்புறமாக. அந்த வரியை மறந்துவிட்டுத் தூங்குங்கள்.

இனி வளைந்த காலுக்கு வருவோம். இது நியாயமான கேள்வி.

கொத்தனார் சுவர் கட்டும்போது தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பாரே, அதே மாதிரி இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு நூல் பிடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நேரான காலில் அந்த நூல் முட்டியின் நடுவில், கொஞ்சம் உள்தள்ளிப் போகும். வில்கால் உள்ளவருக்கு முட்டி வெளியே தள்ளி நிற்பதால், நூல் முட்டியின் உள்பக்கமாக நகர்ந்துவிடும். நூல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்குப் பாரம் அதிகம். முட்டி உள்பக்கம் இடிக்கிற காலில் இதற்கு நேர்மாறாக, மூட்டின் வெளிப்பக்கப் பாதிக்குப் பாரம் சேரும்.

நேரான காலிலேயே உள்பக்கத்துக்குத்தான் கூடுதல் வேலை என்பது பலருக்குத் தெரியாது. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அந்தக் கணத்தில் உடம்பின் பாரம் ஊன்றிய காலுக்கு உள்பக்கமாகத் தொங்குகிறது. அதனால் முட்டியில் இறங்கும் பாரத்தில் சுமார் 60 முதல் 70 சதவீதத்தை உள்பக்கப் பாதியே வாங்கிக்கொள்கிறது. அந்த மொத்தப் பாரமும் வெறும் உடம்பு எடை இல்லை. உடம்பைச் சாயாமல் பிடித்து நிறுத்த தசைகள் இழுக்கும் இழுப்பும் அதில் சேரும். சமதரையில் நடந்தாலே எடையைப் போல் இரண்டரை மடங்கு. படி இறங்கினால் மூன்று மடங்குக்கும் மேல். செயற்கை மூட்டுக்குள் அளவுமானி பொருத்தி, உள்ளிருந்தே அளந்து பார்த்த கணக்கு இது. படி இறங்கும்போது உங்களுக்குச் சுருக்கென்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் இதுதான்.

அப்படியானால் வில்கால் உள்ள எல்லோருக்கும் முட்டி போய்விடுமா? இங்கேதான் நிதானம் வேண்டும். பெல்ஜியத்தில் 20 முதல் 27 வயதுக்குள், எந்தத் தொந்தரவும் இல்லாத 250 பேரை அளந்து 2012-ல் வெளியிட்டார்கள். ஆண்களில் 32 சதவீதம் பேருக்கும் பெண்களில் 17 சதவீதம் பேருக்கும் 3 டிகிரிக்குக் குறையாத வில் வளைவு இருந்தது. நோயே இல்லாதவர்களில் இத்தனை பேர்! லேசான வில்கால் என்பது சுருட்டை முடி மாதிரி ஓர் அமைப்பு. வில்கால் மட்டுமே தேய்மானத்தை ஆரம்பித்துவைக்குமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் இரண்டு விதமாகவும் பதில் சொல்லியிருக்கின்றன.

தேய்மானம் ஆரம்பித்துவிட்ட முட்டிக்கு மட்டும் கதை வேறு. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் லீனா சர்மாவும் உடன் பணியாற்றியவர்களும் ஏற்கெனவே தேய்மானம் உள்ளவர்களை 18 மாதம் தொடர்ந்து பார்த்து 2001-ல் எழுதினார்கள். வில்கால் இருந்தவர்களுக்கு உள்பக்கத் தேய்மானம் முற்றும் வாய்ப்பு நான்கு மடங்கு. முட்டி இடிக்கும் கால்காரர்களுக்கு வெளிப்பக்கத் தேய்மானம் முற்றுவது ஏறத்தாழ ஐந்து மடங்கு. வளைவு நெருப்பைப் பற்றவைக்கிறதோ இல்லையோ, பற்றிய நெருப்புக்கு நன்றாகவே விசிறிவிடுகிறது. உங்களுக்கு லேசாக இடைவெளி குறைந்திருக்கிறது என்றால், இந்த ஆய்வு உங்களுக்காகவே செய்தது போலத்தான். அதனால்தான் ‘ஒன்றுமில்லை, போங்கள்’ என்று உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் முட்டிக்குள் எது கெட்டாலும் ‘ஜவ்வு போச்சு’ என்பார்கள். மருத்துவர்களாகிய நாங்களும் அவசரத்தில் அப்படியே சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள் ஒளிந்திருக்கிறது. எலும்பு முனையில் வழவழப்பாக, சில மில்லிமீட்டர் கனத்தில் படிந்திருக்கும் குருத்தெலும்பு ஒன்று. எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் நார்கள் இரண்டாவது. பந்து விளையாடுகிறவர்களுக்கு அறுந்துபோவது பெரும்பாலும் இது. மூன்றாவது மெனிஸ்கஸ்.

உங்கள் வயதுப் பெண்கள் அறிந்திருக்க வேண்டியது இந்த மூன்றாவதைத்தான். தொடை எலும்பின் முனை உருண்டை. கீழே உள்ள எலும்பின் தலை ஏறக்குறைய தட்டை. தட்டின் மேல் பந்தை வைத்தால் ஒரு புள்ளியில்தான் படும். அந்த ஒரு புள்ளியில் உங்கள் எடையைப் போல் மூன்று மடங்கு இறங்கினால் எந்தக் குருத்தெலும்பும் தாங்காது. அதற்காகத்தான் சுற்றிலும் பிறை வடிவத்தில் இரண்டு ரப்பர் போன்ற வளையங்கள், உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. சும்மாடு வைத்துக் குடம் தூக்குவது மாதிரி, பாரத்தை அகலமாகப் பரப்பிக் கொடுக்கின்றன. முன்பெல்லாம் இது கிழிந்தால் முழுசாகவே எடுத்து எறிந்துவிடுவார்கள். அப்படி எடுத்த முட்டிகளின் எக்ஸ்ரேயில் தேய்மானத்தின் அடையாளங்கள் வரிசையாக வருவதை ஃபேர்பேங்க் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1948-லேயே எழுதிவைத்தார். மருத்துவ உலகம் அதைக் காதில் வாங்க இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

அந்த வளையத்தின் இரண்டு நுனிகளும் எலும்பில் வேர் பிடித்திருக்கும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவார்களே, பட்டை ஓர் இடத்தில் அறுந்தால் என்ன ஆகும்? அப்படியே, பின்பக்க வேர் அறுந்தால் வளையம் வெளியே பிதுங்கிவிடும். இருந்தும் இல்லாத மாதிரிதான். குந்தி உட்கார்ந்து வேலை செய்யும் நம் பெண்களிடம், நாற்பதைத் தாண்டிய வயதில், இது அடிக்கடி நடக்கிறது. வந்தவர்கள் சொல்வதும் ஒரே கதையாக இருக்கும்: “பாத்திரம் தேய்ச்சிட்டு எழுந்தேன் டாக்டர், பின்னால டப்புனு ஒரு சத்தம். அப்புறம் கால ஊன முடியல.” ‘வாயு பிடித்துக்கொண்டது’ என்று மூன்று மாதம் தைலம் தேய்த்த பிறகு வருவார்கள். அதற்குள் உள்பக்கக் குருத்தெலும்பு நிறையத் தேய்ந்திருக்கும். உங்களுக்கு இப்போது இருப்பது அது மாதிரி தெரியவில்லை, வலி மெதுவாக வந்திருக்கிறது. ஆனால் என்றைக்காவது அந்த ‘டப்’ கேட்டால், அந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். வேரைத் தைத்துவிட முடிகிற காலம் குறுகியது.

இதற்கு மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே எம்.ஆர்.ஐ. எடுக்க ஓடுவீர்கள். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் வலியோ பிடிப்போ எதுவும் இல்லை என்றார்கள். படத்தில் கிழிசல் தெரிந்தது என்பதற்காகவே முட்டியில் துளை போட்டுச் சுத்தம் செய்யும் அறுவை செய்துகொள்ளச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

அம்மா வழிதானா என்று கேட்டீர்கள். ஓரளவு ஆம். லண்டனில் இரட்டையர் பெண்களை வைத்து 1996-ல் வெளியான ஆய்வு, கை, முட்டித் தேய்மானத்தில் பரம்பரையின் பங்கு 39 முதல் 65 சதவீதம் என்றது. வருவது எலும்பின் வடிவம் வழியாகவும்தான். மூட்டு உருவாவதில் வேலை செய்யும் ஜி.டி.எஃப்.5 என்ற மரபணுவின் மாற்றங்கள் தேய்மானத்தோடு சேர்ந்து வருவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் பரம்பரை என்று சொல்லிக் கை கழுவும் முன் இதைக் கேளுங்கள். ஹார்வர்டில் இயன் வாலஸ், டேனியல் லீபர்மேன் ஆகியோர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளின் முட்டிகளைப் பார்த்தார்கள். வரலாற்றுக்கு முந்தைய வேட்டைக்காரர்களும் ஆதி விவசாயிகளும், தொழிற்சாலைகள் வந்த காலத்து ஆட்கள், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும் இறந்தவர்கள் என்று மூன்று கூட்டம். முதல் கூட்டத்தில் 8 சதவீதம் பேருக்குத் தேய்மானம், இரண்டாவதில் 6, மூன்றாவதில் 16. வயதையும் எடையையும் கழித்துப் பார்த்தபோதும் இரண்டு மடங்குக்குக் குறையவில்லை. 2017-ல் வெளியானது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் மனிதனின் மரபணு மாறிவிடாது. மாறியது வாழ்கிற விதம். பாரம் எந்தப் பக்கம் விழும் என்பதைத்தான் எலும்பு முடிவு செய்கிறது. எவ்வளவு விழும், அதைத் தசை எவ்வளவு தாங்கும் என்பவை பெரும்பாலும் நம் கையில் இருக்கின்றன.

நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் செய்த தப்பு ஒன்று. ஐம்பது வயது பூக்கார அம்மா ஒருவருக்கு எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டி, “தேஞ்சுபோச்சும்மா, பார்த்து நடங்க” என்றேன். ஒரு வருடம் கழித்து வந்தார். நடந்தால் இன்னும் தேயும் என்று நடையையே நிறுத்தியிருந்தார். எட்டு கிலோ கூடியிருந்தது. தொடைத் தசை சூம்பிப்போயிருந்தது. செருப்பு மாதிரி, நடக்க நடக்கத் தேயும் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். ‘தேய்மானம்’ என்ற நம் சொல்லே அப்படி நினைக்க வைக்கிறது. உண்மையில் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுத்தி விடும்போதுதான் பஞ்சு மாதிரி மூட்டுத் திரவத்தை உறிஞ்சி உயிர் வாழ்கிறது. நடக்காத முட்டி பட்டினி கிடக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அந்த எக்ஸ்ரே படுத்துக்கொண்டு எடுத்ததா, நின்றுகொண்டு எடுத்ததா? படுத்து எடுத்த படத்தில் இடைவெளி பற்றி எழுதிய வரிக்கு அதிக மதிப்பு இல்லை. இரண்டு காலும் ஊன்றி நின்றபடி எடுக்கச் சொல்லுங்கள். வளைவு எவ்வளவு என்று சரியாகத் தெரிய, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படமாக எடுப்பார்கள், ஸ்கேனோகிராம் என்று கேட்டால் தெரியும். ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் ஒப்பிட உதவும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, அல்லது பழைய நைட்டியில், பத்தடி தூரம் சாதாரணமாக நடங்கள். மகளை எதிரில் உட்கார வைத்து, முட்டி உயரத்தில் செல்போனைப் பிடித்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பிறகு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வலது கால் தரையில் ஊன்றும் அந்தக் கணத்தில் முட்டி வெளிப்பக்கம் ஒரு வெட்டு வெட்டிவிட்டு உள்ளே வருகிறதா? நின்றபடி தெரியும் வளைவைவிட, நடையில் வரும் இந்த வெட்டுதான் எனக்குக் கவலை தரும். இருந்தால் அந்த வீடியோவை மருத்துவரிடம் காட்டுங்கள். பிசியோதெரபிஸ்ட்டுக்கு அது எக்ஸ்ரேயைவிட உதவும்.

எடை. கண்டிப்பாகச் சொல்ல எனக்கும் கூச்சம்தான், ஆனால் கணக்கு உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. தேய்மானம் உள்ளவர்களை அளந்ததில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ பாரம் குறைந்தது. ஃபிரேமிங்ஹாம் பெண்களில், பத்து ஆண்டில் சுமார் 5 கிலோ குறைத்தவர்களுக்கு முட்டித் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே போனது. ஐந்து கிலோ போதும், ஐம்பது கிலோ அழகியாக வேண்டாம். இரவு இட்லியில் இரண்டைக் குறைத்து, ஸ்டாஃப் ரூம் வடையை வாரம் ஒரு நாளாக்கினால் தொடங்கிவிடலாம்.

தசை. கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, பாதங்களை இடுப்பகலம் வைத்து எழுந்து நில்லுங்கள். இறங்கும்போதுதான் சூட்சுமம்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே மெதுவாக உட்காருங்கள், தொப்பென்று விழக் கூடாது. முட்டி பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராகவே இருக்கட்டும். பத்து முறை, காலையும் மாலையும். முதல் வாரம் தாழ்ந்த நாற்காலி கஷ்டமாக இருந்தால் ஒரு தலையணை போட்டுக்கொள்ளுங்கள். செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலை அந்த வலி மிச்சமிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். மூன்று மாதம் விடாமல் செய்துவிட்டுத்தான் பலன் இருக்கிறதா இல்லையா என்று பேச வேண்டும்.

கோலத்தை விட வேண்டாம், குந்துவதை மட்டும் விடுங்கள். நம் பாட்டிமாரில் பலர் முட்டியை மடக்காமல் இடுப்பை வளைத்துத்தான் போட்டார்கள். இடுப்பு வலி இல்லையென்றால் நீங்களும் அப்படிப் போடலாம். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில், கை கைப்பிடியில். வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வலி அதிகமான நாளில் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம். மருந்துக்கடையில் சொந்தமாக வாங்கும் வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்காதீர்கள், சிறுநீரகம் கணக்கு வைத்துக்கொள்ளும். மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரைக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் நல்ல செருப்பு வாங்குங்கள்.

இவ்வளவும் செய்தும் வலி முற்றி, படத்தில் நூல் நிஜமாகவே உள்பக்கம் ஓடியிருந்தால், கீழ்க்கால் எலும்பை வெட்டிச் சற்று நிமிர்த்தி, பாரத்தை நல்ல பக்கத்துக்குத் தள்ளிவிடும் அறுவை உண்டு. உள்பக்கம் மட்டும் தேய்ந்த, உங்கள் வயதுக்காரர்களுக்குத்தான் அது பொருந்தும். மூட்டை மாற்றாமலே பல வருடம் ஓட்டலாம். இப்போது அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. முட்டி வீங்கினால், மடக்கிய நிலையில் பூட்டிக்கொண்டால், காய்ச்சலோடு சூடாகச் சிவந்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

மகளுக்கு: கணுக்கால் இரண்டையும் ஒட்டி, முட்டிச் சில்லு நேர்முன்னே பார்க்க நிற்கச் சொல்லி, முட்டிகளுக்கு நடுவே உங்கள் விரல்களை நுழைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விரல் போகிறது, இரண்டு காலும் ஒரே மாதிரி, வலி இல்லை என்றால் அது அமைப்புதான். ஓட விடுங்கள், கபடி ஆட விடுங்கள். நான்கு விரலுக்கு மேல் போனாலோ, ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, வருடத்துக்கு வருடம் கூடினாலோ, குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவரிடம் இந்த ஆண்டே காட்டுங்கள். கால்சியம், வைட்டமின் டி ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். பெண் குழந்தைகளுக்குக் கால் எலும்பின் வளர்ச்சி 14, 15 வயதில் நின்றுவிடும். வளரும் எலும்பில் ஒரு பக்கம் சின்னத் தகடு வைத்து, வளர்ச்சியைக் கொண்டே காலை நிமிர்த்தும் எளிய சிகிச்சை அதற்கு முன்னால்தான் முடியும். போகும்போது அவளுடைய ஐந்தாறு வயதுப் போட்டோ, கவுனோ டிராயரோ போட்டு முட்டி தெரிய நிற்கிற மாதிரி ஒன்று இருந்தால், மறக்காமல் எடுத்துப் போங்கள்.